அவளுக்கு மட்டும் தெரிந்த எண்

“இருபத்தொண்ணு” என்றாள் அவள்.

வகுப்பு சிரித்தது.

சிரிக்கும்படி என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் மறுபடி குனிந்து பார்த்தாள். ஒரு வட்டம் நிறையப் புள்ளிகள். நடுவே தெளிவாக இருபத்தொன்று.

“எழுபத்திநாலுடி” என்றாள் பக்கத்தில் இருந்த ரிஸ்வானா. “நல்லாப் பாரு.”

நன்றாகத்தான் பார்த்தாள்.

இளங்கலை உயிரியல், இரண்டாம் ஆண்டு. அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்புக்கு மொத்தமே பதினெட்டுப் பேர். மரபியல் செய்முறை நேரத்தில், நிறப்பார்வை சோதிக்கும் புத்தகம் ஒன்று கைமாறி வந்தது. மற்ற பதினேழு பேருக்கும் எழுபத்துநான்குதான் தெரிந்தது.

லூர்துமேரி மேடம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பக்கங்களைத் தாமே புரட்டிக் காட்டினார். சிலவற்றில் அவள் வேறு எண்ணைச் சொன்னாள். சிலவற்றில் ஒன்றுமே இல்லை என்றாள்.

பிறகு ஒரு பக்கம்.

“இதுல?”

ரிஸ்வானா எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடைசி பெஞ்சுப் பையன்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். வெறும் புள்ளிதான் மேம் என்றார்கள்.

“நாப்பத்தஞ்சு” என்றாள் அவள்.

“கரெக்ட்.” மேடம் புத்தகத்தை மூடினார். “சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்குத்தான் இது தெரியும்.”

வகுப்பு அடங்கியது.

வருத்தம் வர வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

மேடம் கரும்பலகைக்குப் போனார். இருபது வருடத்தில் ஒரு பெண்ணிடம் இதை இப்போதுதான் பார்க்கிறாராம். குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. ஆணுக்கு ஒரே எக்ஸ் குரோமோசோம். அதில் பழுது இருந்தால் போதும். பெண்ணுக்கு இரண்டு. இரண்டிலும் இருக்க வேண்டும். ஒன்று அம்மா கொடுத்தது. அது அம்மாவுக்கே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். மற்றது அப்பா கொடுத்தது.

“அப்பாகிட்ட ஒளியாது. அவருக்கு இருக்கறதே ஒண்ணு. பொண்ணுக்கு இருந்தா அப்பாவுக்கு இருந்தே ஆகணும்.” திரும்பினார். “உங்க வீட்ல சொந்தத்துலயா கல்யாணம்?”

“அம்மாவோட தாய்மாமாதான் மேம் அப்பா.”

“அதான். அப்பா என்ன பண்றாரு?”

சாதாரணமாகத்தான் கேட்டார்.

“விவசாயம்” என்றாள்.

ரிஸ்வானா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா பஸ் டிரைவர். டவுன் பஸ். இருபத்திரண்டு வருடமாக.

*

மதியம் வராந்தாவுக்கு வந்தாள்.

பத்தாவது படித்தபோது நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. சீருடைக்கு அரக்கு நிறத் துணி எடுத்துவரச் சொல்லி அம்மா அப்பாவை அனுப்பினாள். அவர் எடுத்துவந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பச்சையாம். அப்பா துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளும் கூடவே போய்ப் பார்த்தாள். நல்ல துணிதானே என்று இருவருக்குமே பட்டது.

மணி ஒன்றேகால். அப்பா பஸ் நிலையத்தில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். போன் போட்டாள்.

“என்ன பாப்பா இந்நேரத்துல? சாப்டியா?”

கேட்பதற்கு நிறைய இருந்தது. பொழுது சாயும்போது முன்னால் போகிறவன் பிரேக் போட்டால் எப்படித் தெரியும். பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது பயமாக இருக்காதா.

“சிக்னல்ல எப்படிப்பா பாக்குறீங்க?”

என்ன சிக்னல் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“மேல எரிஞ்சா நிக்கணும்” என்றார் கடைசியில். “கீழ எரிஞ்சா போகணும். சந்தேகம்னா நிக்கணும்.”

“கண் டெஸ்ட்டுல?”

“பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்போது, அம்பத்தேழு, அஞ்சு, மூணு…”

மூச்சு விடாமல் அந்தப் புத்தகத்து எண்களை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே போனவர் நின்றார்.

“அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா. இன்னிக்கு கிளாஸ்ல ஒரு புஸ்தகம் காட்டினாங்க. எனக்கு…”

“உனக்குமா?” என்றார் அப்பா.

“ம்.”

விசில் சத்தம் கேட்டது. கண்டக்டரின் குரல். “அண்ணே, டைம் ஆச்சு. வண்டிய எடுங்க.”

“இருய்யா, வர்றேன்.”

அப்பா ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வண்டியை எடுத்தவர் இல்லை. போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார் போலிருந்தது. குரல் மிக அருகில் வந்தது.

“பாப்பா, வேப்பங்கொழுந்து செவப்பா இருக்கும்ங்கறாங்களே. உனக்கு எப்படித் தெரியுது?”

பங்குனி மாதம். வராந்தாவுக்குக் கீழே நின்ற வேம்பு முழுக்கத் துளிர்த்திருந்தது. இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் வகுப்புக்கு வந்துபோகிறாள்.

“இருங்கப்பா” என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். “பாத்துச் சொல்றேன்.”