வாடியடி அறுபது வீடு

"இந்த எல்லைக் கோட்ட யார் கீறினதெண்டு ஊருக்கே தெரியும், சேர்."

சொல்லிவிட்டு ஜெய்னம்பு முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பிரதேச சபை மெம்பர் ஹஸ்மி இருந்தார்.

தேர்தல் வட்டார எல்லைகளை மாற்றப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. புது வரைபடத்தில், எத்தாளை ஊருக்குப் பக்கத்து மீனவக் குடியிருப்பான வாடியடியின் அறுபது வீடுகளும் ஹஸ்மியின் வட்டாரத்திலிருந்து கழன்று, ஏழு மைல் தள்ளியிருந்த வட்டாரத்தோடு போய் ஒட்டியிருந்தன.

போன தேர்தலில் ஹஸ்மி வென்றாலும், அந்த அறுபது வீடும் அவருக்கு எதிராகத்தான் வோட்டுப் போட்டன. முன்னுக்கு நின்று போட வைத்தவள் ஜெய்னம்பு.

"பைப்பு உடைஞ்சா நாங்க யார்ட்டப் போற? முகம் தெரியாத மெம்பர்ட்டயா? ஒத்துக்க மாட்டம்."

பின்னால் இருந்த பெண்கள் "ஓம், ஓம்" என்றார்கள்.

"மனுக் குடுத்தீங்களா?" எல்லை நிர்ணய அதிகாரி கேட்டார்.

"இருநூத்திப் பத்து ஒப்பத்தோட குடுத்தம். இந்த மெம்பர் மட்டும் ஒப்பம் வெக்கல்ல. பேப்பரத் தொடவுமில்ல."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "உங்கட மனு கடைசித் திகதிக்கு மூணு நாள் பிந்தி வந்திருக்கு."

ஜெய்னம்புவுக்குச் சுருக்கென்றது. ஆழ்கடலுக்குப் போன ஆம்பிளைகளின் ஒப்பம் இல்லாமல் அது என்ன ஊர் மனு என்று, படகுகள் கரைக்கு வரும்வரை பிடிவாதமாகக் காத்திருந்தவளே அவள்தான். ஆனாலும் உட்காரவில்லை.

"பிந்தினாலும் நாங்க கதைச்சிட்டுத்தான் போவம்."

"கதைங்க. நேரத்துக்கு ஒரேயொரு ஆட்சேபனை வந்ததாலதான் வாடியடிய இண்டைக்கு விசாரிக்கிறம். இல்லாட்டி வரைபடம் அப்படியே போயிருக்கும்."

"யார் அனுப்பின?"

அதிகாரி கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். பதிவுத் தபாலில் வந்த கடிதம். அடியில் ஹஸ்மியின் ஒப்பம்.

ஜெய்னம்பு ஹஸ்மியின் முன்னால் போய் நின்றாள். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"அப்ப எங்கட மனுவில ஏன் ஒப்பம் வெக்கல்ல?"

"அதிலயும் என்ட பேர் இருந்தா, எல்லாம் மெம்பர்ட வேலையெண்டு தள்ளிடுவாங்க ராத்தா. அது உங்கட மனுவா இருக்கட்டும்."

மன்னிப்புக் கேட்க அவளுக்கு நாக்கு வளையவில்லை.

"இதுக்காக நான் உங்களுக்கு வோட்டுப் போட மாட்டன்."

"போட வேணாம்," என்றார் ஹஸ்மி. "ஆனா என்னத் தோற்கடிக்கிறதுக்கு நீங்க என்ட வட்டாரத்தில இருக்கணுமே."