சின்ன ரெயின்கோட்

புதுக் கணினி வந்ததும் எங்கள் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பழைய குரல் ஊமையாகிவிட்டது. புதுக் குரலுக்கு என் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. பழைய குரலே வேண்டும் என்றதும் சர்வீஸுக்கு வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"ரொம்பப் பழைய சாஃப்ட்வேர் மேடம். தேதியை இருபத்து மூணு வருஷம் பின்னாடி வெச்சாத்தான் ஓடும். பரவாயில்லையா?"

தனியாக இருப்பவளுக்கு எந்த வருஷமாக இருந்தால் என்ன? சரி என்றேன்.

மறுநாள் மூன்றே முக்காலுக்குப் பழைய குரல் அவசரப்படுத்தியது. "ஸ்கூல் வேன் வந்துடும். மழைக்காலம் வேற. பிரணவோட ரெயின்கோட்டை எடுத்துட்டுக் கீழே போங்க."

பிரணவுக்கு முப்பது வயது. டொராண்டோவில் இருக்கிறான். போன தீபாவளிக்குப் பேசினான்.

இரண்டு நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் நாள் லாஃப்டில் தேடி அந்த ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெயில் சுட்டெரித்தது. கேட்டருகே சி பிளாக் கோமதி நின்றிருந்தாள். என் வயதுதான், அவளும் தனிதான். அவள் கையிலும் சின்னதாக ஒரு ரெயின்கோட்.

இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க பிள்ளை எத்தனாவது படிக்கிறான்?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது" என்றேன்.