மூப்பர் வந்தார்

சுவர் ஆணியில் தொங்கிய மூப்பர் மாசிலாமணியின் கறுப்புக் கோட்டை உதவிக்காரர் வேதமுத்து எடுத்து மாட்டிக்கொண்டார். மூப்பர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்து எண்ணெய்ச் சிமிழும் வேதமுத்துவின் மடிக்குள் போனது. மூப்பர் தடுக்கவில்லை.

இரண்டு வசவு விழுந்திருந்தால் வேதமுத்துவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிரசங்கப் படியில் தப்பித்தவறிக் கால் வைத்துவிட்டதற்கே ஓர் உதவிக்காரரைத் திருவிருந்தில் சேர்க்காமல் தள்ளிவைத்த மனிதர் அவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே நிறுத்திக் கேட்பார், நம் ஊழியம் அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டே வேதமுத்து மழையில் இறங்கினார்.

விஷயம் இதுதான். கண்டிச் சபையில் மூப்பருக்கு ஒரு வேலை, உதவிக்காரருக்கு ஒரு வேலை. தவறினவரைக் கண்டிப்பதும் வியாதிக்காரர் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்பதும் மூப்பருடையது. பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றுவதும் நாதியற்ற பிணத்தைப் புதைப்பதும் உதவிக்காரருடையது. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்தால் அது சபைக் குற்றம்.

அந்த வருஷம் கோப்பித் தோட்டங்களில் பழம் பறிக்க இந்தியாவிலிருந்து நடந்து வந்த சனங்களோடு பேதியும் கூடவே நடந்து வந்தது. விழுந்தவர்களைக் கங்காணிமார் மாத்தளை ரோட்டோரம், கட்டுகஸ்தோட்டை ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில் இலுக்குப்புல் வேய்ந்த ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, மிச்சப் பேரை மலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தினம் கஞ்சி கொண்டுபோனவர் வேதமுத்துதான்.

கொட்டகையின் கோடியில் ஒரு கிழவி கிடந்தாள். எந்தக் கங்காணியின் ஆளும் இல்லை, பழம் பறிக்கிற வயதும் இல்லை. ஏதோ ஒரு கூட்டத்தின் பின்னாலேயே தடவித் தடவி நடந்து வந்திருக்கிறாள். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது, நெற்றி நிறையத் திருநீறு. கஞ்சியை அவள் தொடவே இல்லை. வேதக்கோயில் மூப்பர் வரவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

திருநீறு பூசினவளைக் கடைசி நேரத்தில் ஆண்டவர் தொட்டிருக்கிறார் என்று வேதமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று பகலே ஓடிப்போய் மூப்பரிடம் சொன்னார். எந்த ஊர்க்காரி என்று மூப்பர் கேட்டார். துறையூர்ப் பக்கமாம் என்றதும் வெளியே பெய்கிற மழையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவ நம்ம சபையில்ல. ரோட்டோரம் கெடக்கறவங்களப் பாக்கறது உம்ம ஊழியம், வேதமுத்து. என் ஊழியமில்ல."

பேதிக்குப் பயந்துவிட்டார் மனிதர் என்றுதான் வேதமுத்து நினைத்தார். யாருக்குத்தான் உயிர்மேல் ஆசையில்லை? ஆனால் அந்தக் கிழவியின் முகத்தை அவரால் மறக்க முடியவில்லை. கோட்டில் கை போனது அப்போதுதான்.

கொட்டகை வாசலில் குழி வெட்டுகிற கறுப்பையா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். கோட்டைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"மோட்சத்துக்கு வழி தெரிஞ்ச மனுசனுக்கு இந்தக் கொட்டாய்க்கு வழி தெரியலயாக்கும்" என்றான். "சட்டுனு போங்கண்ணே. அடுத்த குழி அந்தக் கெழவிக்குத்தான்."

வேதமுத்து உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கிவிட்டு உள்ளே போனார். கிழவியின் பக்கத்தில் மண்டியிட்டார். வாழ்நாளில் சொல்லாத பொய்யை, குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னார்.

"மூப்பர் வந்திருக்கேம்மா."

கிழவியின் கை மெல்ல எழுந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறினதுபோல விரல்கள் சுருங்கியிருந்தன. அவை கோட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தன, தோளுக்கு ஏறின, அவருடைய கன்னத்தையும் காது மடலையும் தடவின. பிறகு கை துவண்டு பாயில் விழுந்தது.

"நல்லா நனஞ்சிட்டீங்களே ஐயா" என்றாள்.

வேதமுத்து சிமிழைத் திறந்து, திருநீற்றின் மேலேயே எண்ணெயைத் தொட்டு வைத்தார். மாசிலாமணி ஜெபிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்தி, அடித்தொண்டையில் ஜெபித்தார். கிழவி அசையாமல் கேட்டாள். முடிந்ததும், அதுவரை வேண்டாமென்று தள்ளிய கஞ்சியில் ஒரு வாய் அவர் கையாலேயே வாங்கிக்கொண்டாள்.

வேதமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சபை என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், பட்டத்தைப் பிடுங்கட்டும். சாகிற உயிர் ஆசைப்பட்டது கிடைத்துச் சாந்தியோடு போகிறது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுந்தார்.

கோட்டின் ஓரத்தைக் கிழவி பிடித்துக்கொண்டாள். கூரையில் மழை கொட்டியது. அவர் குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

"மூப்பருகிட்டச் சொல்லிரு தம்பி, வந்தது மகன்தான்னு நம்பிக்கிட்டே பெத்தவ போயிட்டாள்னு."