நஷ்டம் என்ற கட்டம்

"எந்திரிம்மா! யாரைக் கேட்டு இங்க உட்கார்ந்தே?"

விசில் சத்தத்தில் தையல்காரியின் கையிலிருந்த தூண்டில் நழுவப் பார்த்தது. ஏரிக்கரை வாட்ச்மேன் தடியை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"நிழலா இருக்கேன்னு..."

"நிழல் வேணும்னா வீட்டுல உட்காரு. போ, அந்த உடைஞ்ச படித்துறைப் பக்கம் போ!"

கொஞ்சம் தள்ளி வரிசையாக உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பெரிய மனிதர்களும் திரும்பி வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு மானமே போயிற்று. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இது நாலாவது தடவை.

கணவனுக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. தையல் மெஷின் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கிறது. துணி கொடுக்க ஆளில்லை, வாய்விட்டுப் பேசவும் ஆளில்லை. அப்பாவோடு போய்ப் பழகிய தூண்டில் ஒன்றுதான் துணை.

முதல் நாள் அந்த ஐந்து பேரிடம்தான் கேட்டாள்.

"இங்க எந்தப் பக்கம்ணே மீன் கடிக்கும்?"

"இந்த ஏரியில மீனா? நாங்களே சும்மா காத்து வாங்க வர்றோம்மா" என்றார் தொப்பிக்காரர், பரம சாதுவாக. அவருக்குப் பின்னால் மூடி வைத்திருந்த வாளிக்குள் எதுவோ படபடவென்று அடித்துக்கொண்டது.

சரியென்று வாட்ச்மேனைக் கேட்டாள். அவன் அந்த ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கென்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவளைக் கண்டாலே விசில்தான்.

சாயங்காலம் வாளியை டொக்கென்று சமையலறையில் வைத்தாள்.

"என்னால இனிமே முடியாது. ஒண்ணு, அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கணும். இல்லேன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்."

கணவன் பதறவில்லை. ஆபீசில் புகார் மனுக்களைப் பிரித்து அடுக்குவதுதான் அவன் உத்தியோகம்.

"சும்மா திட்டி எழுதினா குப்பைக்குத்தான் போகும். தேதி, விரட்டின இடம், போகச் சொன்ன இடம், அதனால உனக்கு என்ன நஷ்டம்னு நாலு கட்டம் போட்டு எழுது. தற்காலிக ஆள்தானே, ஒரே மனுவுல சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

துணி வெட்டும் ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டாள். மூன்று கட்டங்கள் கோபத்தில் மளமளவென்று நிரம்பின. நாலாவதில் பேனா நின்றது.

"என்ன யோசனை? நஷ்டத்தைப் போடு."

"முதல் தடவை மதகுக்குப் போகச் சொன்னான்..."

"சரி, அங்க என்ன ஆச்சு?"

"நாலு கெண்டை."

"அடுத்தது?"

"ஒத்தை மரத்தடி. ரெண்டு கெளுத்தி. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தப்பதான் பக்கத்து வீட்டு அக்கா முதல்முதலா என்கிட்ட நின்னு பேசினாங்க."

"மூணாவது?"

"பம்ப் செட்டுக்குப் பின்னாடி. அங்கயும் கெண்டைதான். ஆறு."

"இன்னிக்கு?"

அவள் வாளியைப் பார்த்தாள். முழங்கை நீளக் கெளுத்தி ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அவன் எழுப்பி விட்ட இடத்துல என்னிக்காவது ஏதாவது மாட்டிச்சா?"

"தக்கைகூட அசையலை."

கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எத்தனையோ மனு பார்த்துட்டேன். நஷ்டத்துல மீனா நிரப்பின மனு இதுதான்."

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. கடவுளே, இந்த மனுஷன் பிழைப்பிலா மண்ணைப் போட இருந்தோம்!

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தூண்டிலும் வாளியுமாக ஏரிக்கரைக்கு ஓடினாள். ஐந்து பேரும் இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் மட்டும் கரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா" என்றார். தடியும் இல்லை, அதட்டலும் இல்லை.

அவள் காகிதத்தை நீட்டினாள். புகார் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் மெல்லத் தலையைச் சொறிந்தார்.

"இது எங்கயும் போகாதுண்ணே. என் தையல் மெஷின் டிராயர்ல பத்திரமா இருக்கும். ஆனா, இதை வாயால சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? புதுசா வர்றவங்களுக்கு இடம் காட்டக் கூடாதுங்கிறது அந்த அஞ்சு பேரோட சட்டம். மீறினா என்னைப் பத்தி மேலே போட்டுக் கொடுத்துடுவாங்க. விரட்டினா மட்டும் ஒருத்தரும் ஏன்னு கேட்கிறதில்லை." குரலைத் தாழ்த்தினார். "நானும் வெளியூர்லேர்ந்து வந்தவன்தான். எட்டு மாசம் வெறும் வாளியைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கேன்."

அவள் கை கூப்பினாள். "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி..."

தூரத்தில் சைக்கிள் மணிகள் கேட்டன. வாட்ச்மேன் பாய்ந்து போய்த் தடியை எடுத்தார். விசில் அலறியது.

"எந்திரிம்மா! உனக்கு எத்தனை தடவை சொல்றது? பாலத்துக்கு அந்தப் பக்கம் போ! ரெண்டாவது தூணைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தே, நடக்கிறதே வேற!"

நின்றுகொண்டிருந்தவளைத்தான் எந்திரிக்கச் சொன்னார். அவள் பொங்கி வந்த சிரிப்பை விழுங்கி, முகத்தை முடிந்த மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, வாளியோடு ரெண்டாவது தூணைப் பார்த்து ஓடினாள். இந்த ஊரில் தனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

சைக்கிளை நிறுத்திய தொப்பிக்காரர், ஓடுகிறவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பாவம்யா அந்தப் பொண்ணு, ஊருக்குப் புதுசு. உனக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா?"