ஆள் நடமாட்டம்

"நீங்களே பாருங்க மேடம். கையில துடைப்பம் இல்ல, வாளி இல்ல. ஃபுல் டைம்பாஸ்!"

எஸ்டேட் ஆபீசர் சாய்நாத் லேப்டாப்பைத் திருப்பினார். சிசிடிவியில், துப்புரவு வேலை பார்க்கும் ஜெபசெல்வி மூன்றாம் மாடி வாசிப்பறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

டைரக்டர் சுப்புலக்ஷ்மிக்கு முகம் சிவந்தது. கல்வி நிறுவனத்தின் செம்பூர் வளாகத்தில் எழும்பிய இந்தப் புதுக் கட்டிடம் அவர் கண்ட கனவு. மழைநீர்த் தொட்டி, மொட்டைமாடியில் சோலார், ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் அணையும் விளக்குகள். பசுமைக் கட்டிடம் என்று சான்றிதழ் தர திங்கட்கிழமை குழு வருகிறது. இந்த நேரத்தில் மூன்றாம் மாடியில் மட்டும் கரண்ட் இரண்டு மடங்கு!

"நடந்து நடந்தே லைட்டை எரிய விடறா. வரச் சொல்லுங்கோ. வேலையை விட்டு நிறுத்தற லெட்டர்?"

"ரெடி மேடம். கையெழுத்துதான் பாக்கி."

ஜெபசெல்வி வந்து நின்றாள். சுப்புலக்ஷ்மி நிமிரவில்லை. பத்து நிமிடம் ஃபைலையே படித்துக்கொண்டிருந்தார். அறையில் ஒருவரும் அசையவில்லை.

"என்னம்மா, ரீடிங் ரூம்ல வாக்கிங்கா?"

"ஆறு மணிக்கு ட்யூட்டி முடிஞ்சப்புறந்தான் மேடம் போறேன்."

"அதான் எதுக்கு?"

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைய எல்லாம் அசையாம உக்காந்திருக்கும். பொசுக்குன்னு இருட்டாயிரும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திச்சுக் கையை ஆட்டிக்கிட்டுக் கெடந்துச்சுவ. நான் நடந்தா அதுவபாட்டுக்குப் படிக்கும்லா?"

"பூமியைக் காப்பாத்தணும்னா எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கத்தான் வேணும்." சுப்புலக்ஷ்மி பேனாவைத் திறந்தார்.

"இனிமே போகல மேடம். வேலையை மட்டும் எடுத்துராதிய. வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்."

பேனா தாளைத் தொட்டது.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? இம்புட்டு நேரம் நீங்களும் அசையாமத்தான படிச்சிய? இங்க மட்டும் லைட்டு அணையலையே?"

பேனா நின்றது.

சாய்நாத் தரையைப் பார்த்தார். இந்த அறையின் சென்சாரைத் திறப்பு விழாவுக்கு மறுநாளே ஆள்விட்டுக் கழற்றியவர் அவர்தான்.

"படிக்கறச்சே பொசுக்குனு இருட்டாறது சாய்நாத், மனசே ஓட மாட்டேங்கறது" என்று அன்றைக்கு மேடம்தான் சொல்லியிருந்தார்.