பச்சைக்கு அடியில்

திருட்டுப் போன நான்காம் மாதம், பக்கத்து ஊர்த் துறைமுகத்தில் பிரகாசி தன் படகைக் கண்டுபிடித்துவிட்டாள். நீலப் படகு இப்போது பச்சையாக நின்றது.

"இது என் படகு!"

படகில் இருந்த வேதநாயகம் திகைத்தான். "அக்கா, போன மாசந்தான் வாங்குனேன். வெளிய நம்பரு எழுதியிருக்கு பாருங்க."

"வெளிய எவனும் எழுதலாம். உள்ள வெட்டுன நம்பர அழிக்க முடியுமா?"

தன் படகின் நம்பர் இருந்த பதிவுப் புத்தகத்தை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே குதித்தாள். எஞ்சினுக்குக் கீழே குறுக்குக்கட்டையில் பூசியிருந்த பச்சையைக் கத்தியால் சுரண்டினாள். மரத்தில் உளியால் செதுக்கிய ஆறு என்ற எண் தெரிந்தது. அடுத்த எண் ஒன்று. கரையில் கூடியவர்கள் ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசித்தார்கள். ஏழு வந்தபோது கத்தி அவள் கையிலிருந்து நழுவியது.

வேதநாயகம் அதை எடுத்தான். புத்தகத்தை மறுபடி பார்த்தான். மிச்சத்தை அவனே சுரண்டினான்.

"மூணு," என்றான்.

கரை ஆரவாரித்தது. பிரகாசி கட்டையைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், அழுதாள். வேதநாயகம் புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

"எஞ்சின் நான் புதுசா வச்சது, அக்கா. எப்படிக் கிளப்பணும்னு காட்டுதேன், வாங்க."