ஊசி போன கண்

“அவளை மெஷினில கைவைக்க விடாதேங்கோ!” பரமலிங்கம் போட்ட கத்தலில் கண் கிளினிக்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தாதி நிசாந்தினி விலகி நின்றாள். அவளுடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியது. வாய்க்கு வந்தபடி ஏச பரமலிங்கம் ஐயாவுக்கு அது ஒன்றே போதும்.

ஐயா பூநகரியில் பெரிய மனிதர். அப்படிச் சொல்லித் திரிபவரும் அவர்தான். ஸ்கான் மெஷினில் நாடியை ஊன்றி முகத்தை வைக்கும் இடத்தை நிசாந்தினி துடைத்திருந்தாள். அவள் கை பட்டதென்று அதைத் தன் சால்வையால் மறுபடி அழுத்தித் துடைத்த பிறகே ஐயா குனிந்தார்.

படத்தைப் பார்த்த டொக்டர் கஜேந்தினியின் முகம் மாறியது.

“ஐயா, சீனி வருத்தத்தால உங்கட ரெண்டு கண்ணுக்குள்ளயும் வீக்கம். வலதுதான் மோசம், அதுக்குத்தான் போன மாசம் ஊசி எழுதினனான். இப்ப பாத்தா இடதில வீக்கம் வத்திப்போச்சு, வலதில கூடியிருக்கு. ஊசி மற்றக் கண்ணுக்குப் போயிருக்கு.”

“அதெப்பிடிப் போகும்?”

“ஊசி போடவேண்டிய கண்ணுக்கு மேல, நெற்றியில ஒரு பிளாஸ்ரர் ஒட்டிவிடுவினம். அதைப் பாத்துத்தான் ஊசி போடுற டொக்டர் போட்டவர்.”

ஐயாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண் போனாலும் பரவாயில்லை, ஏசுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது.

“ஒட்டினது இவள்தானே! தோட்டக்காட்டுக்கு வலதெது இடதெதெண்டு தெரியுமோ? இவளை வேலையால நிப்பாட்டாமல் நான் இஞ்சயிருந்து அசையமாட்டன்!”

“நான் வலது பக்கம்தான் ஒட்டினனான், டொக்டர்.” நிசாந்தினி முன்னுக்கு வந்தாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஐயா ஒரு முறைப்பாடு கொடுத்தால் நாளைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“பொய்! வாயைத் திறந்தாப் பொய்!” ஐயா தன் போனை எடுத்து, கண் தெரியாமல் தடவி, பக்கத்தில் நின்ற மனைவி பிரேமிளாவிடம் நீட்டினார். “ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குப் போன் அடியும். இப்பவே அடியும்!”

பிரேமிளா போனை வாங்கவில்லை. நிசாந்தினியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, அண்டைக்கு அந்தப் பிள்ளை தொட்ட நெற்றியெண்டு நீங்கள் போய் முகம் கழுவேக்க பிளாஸ்ரர் கழண்டு விழுந்ததெல்லோ...”

“அதுக்கென்ன இப்ப?”

“எந்தப் பக்கமெண்டு தெரியாமல் திருப்பி ஒட்டிவிட்டது நான்தான்.”